அவரவர்க்கேற்ற மருந்தும் அனைவர்க்கும் உரிய அறமும்



பிணியும் மூப்பும் மக்கட் பிறப்புக்குப் பொது. ஆயினும் பிணி வந்து பற்றும் முறையும், மூப்பு வந்து தளர்த்தும் காலமும் எல்லார்க்கும் ஒன்றல்ல. ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே கடை அரிசியை உண்டு, ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்த இருவருள் ஒருவர் ஐம்பதாம் வயதில் நெஞ்சடைப்பால் வீழ்கின்றார். மற்றவர் எண்பதிலும் கைத்தடியின்றி நடக்கின்றார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? அக்காரணத்தை முன்னரே கண்டறிந்து, அவரவர் உடற்கூற்றுக்குத் தக்க மருந்தையும் உணவையும் ஒழுக்கத்தையும் வகுத்துக்கொண்டால், நெடுநாள் நோயின்றி வாழலாகாதோ? இந்நாள் மருத்துவ உலகில் பெரிதும் பேசப்படும் வினா இதுவே.

இவ்வினாவில் மருத்துவர் விடை கூறவேண்டிய பகுதி ஒன்று. நாம் எல்லோரும் விடை கூறவேண்டிய பகுதி மற்றொன்று. ஒவ்வொரு மனிதனையும் தனித்தனியே அளந்தறியும் அறிவு பெருகி வருகின்றது. அவ்வறிவு ஒவ்வொருவரையும் காக்கப் பயன்படுமா, அன்றிச் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பலரைக் கைவிடப் பயன்படுமா? இஃது ஆய்வுக்கூடத்தில் முடிவு செய்யப்படும் கேள்வியன்று. அறத்தின் முன் வைத்து ஆராயவேண்டிய கேள்வி.

பழைய மருத்துவர் கண்ட நெறி

ஆளறிந்து மருந்தளித்தல் இன்று நேற்றுப் பிறந்த கருத்தன்று. இராசகிருகத்து மருத்துவர் சீவகரின் வரலாறு விநயபிடகத்தில் உள்ளது. உச்சயினி வேந்தன் பச்சோதன் பாண்டு நோயால் வருந்தினான். அந்நோய்க்குரிய மருந்து நெய்யிற் காய்ச்சுவது. அவனுக்கோ நெய்யின் மணமே ஆகாது. சீவகர் அந்நெய்யைத் துவர்ப்புக் கஷாயத்தின் நிறமும் மணமும் சுவையும் உடையதாகுமாறு காய்ச்சி அளித்தார், நோய் நீங்கிற்று. அவரே பகவருக்கு மருத்துவம் செய்தபோது, கடுமையான பேதி மருந்து அத்திருமேனிக்குத் தகாதெனக் கருதினார். சில நாள் எண்ணெய் தேய்க்கச் செய்து, பின்னர் மருந்தூட்டிய தாமரை மலர்களை முகரும்படி மூன்று முறை கொடுத்தார். நோயை மட்டும் நோக்காது நோயாளியையும் நோக்குக என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் கூறும் நெறி.

ஆனால் அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. அதனை நாம் அடிக்கடி எடுத்துப் பேசுவதில்லை. மகத நாட்டில் ஐவகை நோய்கள் பரவியபோது, குடிமக்கள் சீவகரை நாடி வந்து மருத்துவம் வேண்டினர். அரசனையும் அந்தப்புரத்தையும் சங்கத்தையும் கவனிக்கும் கடமை தமக்கு இருத்தலின் இயலாதென்று அவர் கூறினார். உடைமை முழுவதும் தருகின்றோம் என்று சொல்லியும் பயனில்லை. ஆதலின் நோயாளர் பலர் மருத்துவம் பெறும் பொருட்டே துறவு பூண்டனர். நோய் நீங்கியதும் துவராடையைக் களைந்து வீடு திரும்பினர். அதன்பின் அந்நோயுடையாரைச் சங்கத்தில் சேர்க்கலாகாதென்னும் விதி எழுந்தது.

இதனால் நாம் அறிவது யாது? நல்ல மருத்துவம் சிலர் வாயிலில் மட்டும் நிற்குமாயின், ஏனையோர் எந்த வாயில் திறந்திருக்கின்றதோ அதன் வழியே நுழைய முயல்வர். பொய்க்கோலம் பூண்டாரைக் குறை கூறுதல் எளிது. அக்கோலத்தைப் பூணும்படி அவர்களைத் துரத்திய பற்றாக்குறையை எண்ணுதல் அரிது. சீவகரின் திறமையில் குறையில்லை; ஒரு சீவகரே இருந்தார் என்பதே குறை.

இந்நாள் அறிவு கூறுவது

இங்கிலாந்தின் மருத்துவ அறிஞர் ஆர்ச்சிபால்டு காரட், சிறுநீர் கருத்துப்போகும் அரிய குறைபாடொன்றை ஆராய்ந்து, அது குடிவழி வருவதென்பதை 1902இல் எடுத்துரைத்தார். முகத்தால் வேறுபடுவது போலவே மக்கள் உடலினுள் நிகழும் வேதிமாற்றங்களாலும் வேறுபடுவர் என்பது அவர் கொண்ட கருத்து. 1990இல் தொடங்கி 2003இல் நிறைவுற்ற மனித மரபணுத் தொகுப்பாய்வு அக்கருத்துக்கு வழிவகுத்துத் தந்தது. நம் நாட்டிலும் 2020இல் தொடங்கப்பட்ட ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்து, 2025 ஜனவரியில் அத்தரவுகளை ஆய்வாளர்க்கு வழங்கிற்று. 20 நிறுவனங்கள் கூடிச் செய்த இப்பணியை ஒருங்கிணைத்தது பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்து மூளை ஆய்வு நடுவம்.

இவற்றால் விளைந்த பயனைச் சில எடுத்துக்காட்டால் காண்போம். விட்டுவிட்டு வரும் ஒருவகை மலேரியாவை வேரறுக்கப் பிரைமாகுவின் என்னும் மருந்து தரப்படுகின்றது. பெரும்பாலோர்க்கு அது நலம் செய்யும். ஆனால் ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்க்கு அதுவே சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். இக்குறை 1956இல் கண்டறியப்பட்டது. அதற்காக அவர்க்கு மருந்தே இல்லையென்று மருத்துவம் கைவிரித்துவிடவில்லை. நாள்தோறும் தருவதை விடுத்து, வாரம் ஒருமுறையாக 8 வாரம் கண்காணித்துத் தரும் முறை வகுக்கப்பட்டது. இன்னாரென அறிந்த அறிவு இன்னாரை விலக்கப் பயன்படாமல் இன்னாரைக் காக்கப் பயன்பட்டது. இதுவன்றோ அறிவின் முறையான பயன்!

ஆயினும் அவ்வறிவு எங்கே பிறந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில், கைதிகளின் உடலில் மலேரியாவை ஏற்றி மருந்துகளைச் சோதித்த காலத்தில் பெறப்பட்டது அது. மருந்தால் சிவப்பணு உடைந்து வருந்தியோர் பெரும்பாலும் கறுப்பினக் கைதிகள். உலகம் இன்று நுகரும் நன்மைக்குக் கதவடைக்கப்பட்ட அறைகளில் இருந்தோர் தம் குருதியால் விலை கொடுத்தனர். அக்கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மற்றொன்று காண்க. இரத்தக் குழாயில் அடைப்பு நேராதிருக்கத் தரப்படும் குளோபிடோகிரெல் என்னும் மாத்திரை, கல்லீரலில் மாற்றமடைந்த பின்னரே வேலை செய்யும். அம்மாற்றத்தைச் செய்யும் நொதி சிலரிடம் பிறவியிலேயே வலுவற்றது. அவர் மாத்திரையை நாள்தவறாது விழுங்கினும் முழுப்பயன் எய்தார். 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. ஆசிய மக்களிடையே இத்தகையோர் ஐரோப்பியரைவிட மிகுதி.

இனிப் புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் அவர்தம் குழுவினரும் கண்ட உண்மை. புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை குறைவு. ஆயினும் எடைக்குத் தக்கவாறு கொழுப்பு குறையவில்லை. மெலிந்து தோன்றும் உடலிலும் கொழுப்பு மறைந்திருக்கும் இவ்வமைப்பே பிற்காலத்தில் நீரிழிவுக்கு இடங்கொடுக்கின்றதென அவர்கள் கருதினர். எனவே வெள்ளையர்க்கு வகுத்த எடையளவு நமக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவும் 2004இல், உடல் நிறைக் குறியீடு 23ஐ எட்டும்போதே ஆசிய மக்கள் விழிப்படைதல் வேண்டுமென்றது.

முதியோர்க்கு மரபணுச் சோதனையின்றியே அளவு மாறும். வயது ஏறச் சிறுநீரகத்தின் ஆற்றல் குறைகின்றது; உட்கொண்ட மருந்து உடலில் நெடுநேரம் தங்குகின்றது. நாற்பது வயதினர்க்கு நல்லுறக்கம் தந்த மாத்திரை எழுபது வயதினரைத் தள்ளாடச் செய்து, விழுத்தி, இடுப்பெலும்பை முறித்துவிடலாம். முதியோர்க்குத் தகாத மருந்துகளின் பட்டியலொன்றை மார்க் பீர்ஸ் என்னும் மருத்துவர் 1991இல் முதன்முதல் வெளியிட்டார். அஃது இன்றளவும் திருத்தப்பட்டு வழங்குகின்றது. ஐந்து மருத்துவரிடம் பெற்ற ஐந்து சீட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஒருவர் இருந்தால், அவரே அம்முதியவர்க்குத் தனியாள் மருத்துவர்.

நெடுவாழ்வை விரும்புதல் பேராசையா?

உடல் நிலையற்றது, மூப்பு தவிர்க்கவொண்ணாதது. இதனைக் கற்பிக்கும் நாம், உடலைப் பேணுவது பற்றியும் ஆயுளை நீட்டுவது பற்றியும் பேசலாமா என்று சிலர் வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயுளை விரும்புதல் வேறு; ஆயுளில் ஒட்டிக்கொள்ளுதல் வேறு. என் உடல் என்றும் இப்படியே இருக்கவேண்டும் என்பது பற்று. என் கைகால்கள் இயங்கும்வரை பிறர்க்குச் சுமையாகாது பிறர்க்குதவி நிற்கவேண்டும் என்பது கடமை. பகவரும் எண்பதாம் ஆண்டில் தம் உடலைப் பழுதுற்றுக் கட்டுகளால் இயங்கும் பழைய வண்டியோடு ஒப்பிட்டார். அவ்வண்டியை அவர் சாலையோரத்தில் வீசிவிடவில்லை. ஊர் ஊராகச் செலுத்திக்கொண்டே சென்றார். உலக சுகாதார நிறுவனமும் 2015இல் நலமான மூப்புக்கு இலக்கணம் கூறியபோது, நோயே இல்லாமையை இலக்கணமாகக் கொள்ளவில்லை. ஒருவர் தாம் மதிக்கும் வாழ்வை வாழவும் தாம் மதிப்பதைச் செய்யவும் உதவும் செயல்திறத்தையே இலக்கணமாகக் கொண்டது. நீரிழிவுள்ள மூதாட்டி தம் கையால் சமைத்துண்டு, பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வாராயின் அவர் நலமுற மூத்தவரே. சோதனைத் தாளில் ஒரு குறையுமின்றி, ஒருவரோடும் பேசாது அறைக்குள் அடைபட்டிருப்பவர் நலமுற மூத்தவரல்லர்.

இறவாமையை விற்பதாகக் கூறுவோரை நம்பற்க. ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் செலவிட்டு உடலைத் துருவித் துருவி அளந்து, ஒவ்வோர் எண்ணுக்கும் அஞ்சி வாழ்பவன், நோய் வருமுன்பே நோயாளியாகிவிட்டான். அளத்தல் நன்று, அளவுகோலுக்கு அடிமையாதல் தீது.

மூவகை நோயாளர்

இனி மெய்யான இடர்ப்பாட்டுக்கு வருவோம். எதிர்காலத்தில் யாருக்கு எந்நோய் வரக்கூடும் என்பதை ஓரளவு எண்ணாற் கூறும் நாள் வந்துவிட்டது. அவ்வெண்ணை மருத்துவர் மட்டுமா காண்பர்? காப்பீடு விற்போர் காண விரும்புவர். வேலை தருவோர் காண விரும்புவர். இவ்வச்சத்தாலேயே அமெரிக்க நாட்டில் 2008இல் மரபணுச் செய்தியைக் கொண்டு மருத்துவக் காப்பீட்டாளரும் முதலாளிகளும் வேற்றுமை காட்டலாகாதெனச் சட்டம் செய்தனர். அச்சட்டமும் ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை.

இத்தகைய பகுப்பைப் பற்றி அங்குத்தர நிகாயத்தில் ஒரு போதனை உள்ளது. அதன் கருத்தை மட்டும் இங்கே கூறுகின்றேன். நோயாளர் மூவகையினர். தக்க உணவும் மருந்தும் பணிவிடையும் கிடைப்பினும் கிடையாவிடினும் பிழைப்பவர் ஒருவகையினர். கிடைப்பினும் கிடையாவிடினும் பிழையாதவர் மற்றொரு வகையினர். கிடைத்தாற் பிழைத்துக் கிடையாவிடின் மாள்பவர் மூன்றாம் வகையினர். இப்பகுப்பைக் கேட்ட கணக்கன் யாது சொல்வான்? மூன்றாமவர்க்கு மட்டும் செலவிடுக. ஏனைய இருவர்க்கும் செலவிடுவது வீண் என்பான். போதனையோ அவ்வாறு முடியவில்லை. அம்மூன்றாமவர் பொருட்டே உணவும் மருந்தும் பணிவிடையும் ஏற்பட்டன. அவர் இருத்தலின், மற்றை இருவகையினரும் பேணத்தக்கவரே என்று முடிகின்றது.

இதனுள் இருவகை நியாயம் உண்டென்பது என் கருத்து. முதலாவது, இன்னார் இன்ன வகையினர் என்பதை எவரும் ஐயமற அறியார். மரபணு எண்ணும் ஊழ்வினைச் சீட்டன்று. அது பலரைத் திரட்டிக் கண்ட வாய்ப்பின் அளவே. மேலும், அவ்வெண்களுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்குகொண்டோர், 2018 வரை, ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஐரோப்பிய மரபினர். பிறர் உடலில் எடுத்த அளவைக்கொண்டு நமக்குச் சட்டை தைத்து, சட்டை பொருந்தாவிட்டால் உடலைக் குறை கூறுவது முறையாகுமோ? இரண்டாவது நியாயம் அதனினும் ஆழமானது. எல்லாம் ஐயமற அறிந்தாலும், பிழைக்கமாட்டார் என்பது ஒருவரைப் பசியிலும் அழுக்கிலும் தனிமையிலும் விடுவதற்குக் காரணமாகாது. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைக் கழுவுவதற்குப் பகவர் தம் கையால் நீர் வார்த்தார். உடனுறைந்தோர் அவரைக் கவனியாமைக்குக் கூறிய காரணம், அவரால் தமக்குப் பயனில்லை என்பதே. முதியோரை இன்று கைவிடும் இல்லங்களும் ஊர்களும் வேறு காரணம் கூறுகின்றனவா? பயனைக்கொண்டு மனிதனை மதிப்பிடும் பழைய பிழை, புதிய கருவிகளைக் கையில் ஏந்தி மீண்டும் வந்துவிடலாகாது.

பொதுக்காரணமும் தனிக்காரணமும்

நான் பஞ்சாலையில் உழைத்த ஆண்டுகளில் கற்ற பாடம் ஒன்று இங்கே பொருந்தும். எல்லாப் பஞ்சிலும் எல்லா நூலும் நூற்க இயலாது. குறுகிய இழைப் பஞ்சை 80ஆம் நம்பருக்கு இழுத்தால் அறுந்துபோகும்; பஞ்சின் இழை நீளம் பார்த்தே நூலின் நம்பரை முடிவு செய்வர். இது பஞ்சினது தனித்தன்மை. ஆனால் கூடத்துக் காற்றில் ஈரப்பதம் குறைந்துவிட்டால், நீண்ட இழையும் அறும். குறுகிய இழையும் அறும். அப்போது ஒவ்வோர் இழையாக ஓடி ஓடி ஒட்டிக்கொண்டிருப்பவன் மாலைவரை ஓடுவான். இழை அறுவது நிற்காது. ஈரப்பதம் தரும் பொறியைச் சரிசெய்பவனே அறுதலை நிறுத்துவான்.

1985இல் ஜெப்ரி ரோஸ் என்னும் ஆங்கில அறிஞர் மருத்துவத்திற்கு உரைத்ததும் இவ்வுண்மையே. இம்மனிதனுக்கு ஏன் இந்நோய் வந்தது என்பது ஒரு கேள்வி. இம்மக்களிடையே ஏன் இந்நோய் இத்தனை மிகுதி என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குக் கிடைத்த விடை இரண்டாவதற்கு விடையாகாது.

52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இண்டர்ஹார்ட் ஆய்வு, முதன்முறை மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு, மாற்றத்தக்க ஒன்பது காரணங்களோடு தொடர்புடையதெனக் கண்டது. புகையிலை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை முதலியன அவை. தென்னாசிய மக்கள் பிறரினும் இளமையில், 53 வயதளவில், முதல் மாரடைப்புக்கு ஆளாவதையும் அதே ஆய்வு காட்டிற்று. 2009இல் பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரியினர் வழிநடத்திய சோதனையில், பல மருந்துகளைச் சேர்த்த ஒரே மாத்திரை இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் குறைப்பது தெரியவந்தது. அத்தகைய கூட்டு மாத்திரைகள் 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. அவரவர்க்கேற்ற மருந்து ஒருபுறம் வளர, அனைவர்க்குமான எளிய மருந்தும் மறுபுறம் வளர்கின்றது. இரண்டும் பகையல்ல, இரண்டும் வேண்டும்.

பஞ்சுத்தூசியால் நேரும் நுரையீரல் நோயை நோக்குக. விடுமுறை கழிந்து ஆலைக்குள் நுழையும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். நாள் செல்லச் செல்ல அவ்விறுக்கம் வாரமெல்லாம் நீளும். முடிவில் மூச்சே சுருங்கும். ஒரே கூடத்தில் உழைப்பவருள் சிலர்க்கு அது விரைந்து வரும். சிலர்க்கு வாராமலே போகும். இதனைக் கண்டு, இது தூசியின் குற்றமன்று, அவன் உடம்பின் குற்றம் என்று மேலாளர் சிலர் கூறக் கேட்டிருக்கின்றேன். யார் உடல் தூசிக்கு எளிதில் இடங்கொடுக்கும் என்று முன்னரே சொல்லும் சோதனையொன்று நாளை வருமாயின் என்ன நிகழும்? அவனைத் தூசியற்ற பகுதிக்கு மாற்றி, தூசியையும் அகற்றினால் அச்சோதனை அறத்தின் கருவி. அவனை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டுத் தூசியை அப்படியே விட்டுவைத்தால் அது கொடுமையின் கருவி. சோதனை ஒன்றே, ஏவும் நெஞ்சம் வேறு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் இந்நோய் இடம்பெற்றிருந்தமை, காரணம் கூடத்தில் உள்ளது என்பதை நாடு ஒப்புக்கொண்டதற்குச் சான்றன்றோ!

நாம் செய்யத்தக்கது

அறம் பேச்சளவில் நிற்றலாகாது. நோயுற்றார்க்குரிய கடமைகள் ஐந்தெனப் பழைய போதனை வகுக்கின்றது: தமக்கு ஏற்றதையே செய்தல், அதிலும் அளவறிதல், மருந்தைத் தவறாது உண்ணுதல், உள்ளது உள்ளபடி நோயைப் பணிவிடை செய்வார்க்கு உரைத்தல், வலியைப் பொறுத்தல். இவற்றுள் நான்காவதை நம்மவர் பெரிதும் விட்டுவிடுகின்றனர். தந்தைக்கு எந்நோய் இருந்தது, எம்மருந்து தமக்கு ஒவ்வாது, இப்போது என்னென்ன உண்கின்றோம் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். காசு செலவின்றிக் கிடைக்கும் தனியாள் மருத்துவம் அது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்கட்டும். புகையிலை எவ்வுருவிலும் வேண்டா.

வீட்டிலுள்ள முதியவரை ஆறு கூறாக நோக்குங்கள்: நடை, ஊட்டம், பார்வை, செவி, நினைவு, மனநிலை. உலக சுகாதார நிறுவனம் முதியோர் பராமரிப்புக்கு வகுத்த வழிகாட்டியில் இவையே காணவேண்டியன. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் வயதாகிவிட்டது என்று சொல்லி அமைதல் தகாது. கண்புரை நீக்கப்பெற்ற மூதாட்டிக்கு உலகமே திரும்பக் கிடைக்கின்றது. 70 வயது நிறைந்த எவரும், வருமானம் எவ்வளவாயினும், ஆண்டுக்குக் குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. எழுத்தறியா முதியவர்க்கு அதற்குரிய அட்டையைப் பெற்றுத் தருவது, அவர்க்காக நூறு உரை நிகழ்த்துவதினும் மேல்.

பொதுவில் நாம் கேட்கவேண்டுவதும் ஒன்றுண்டு. நம் குருதியைக் கொண்டு பெறப்படும் அறிவின் பயன் நம் தெருவுக்கும் வரவேண்டும். நம் உடலைப் பற்றிய செய்தி நம் இசைவின்றி விற்கப்படலாகாது. ஆளறியும் சோதனை பெருகும்போது தூசியும் புகையும் பசியும் மறக்கப்படலாகாது.

ஒருவனை அறிதல் என்பது அவனுடைய மரபணுவை அறிதலோடு முடிவதன்று. அவன் எங்கே உறங்குகின்றான், யாரோடு உண்கின்றான், எதற்கு அஞ்சுகின்றான் என்பவற்றையும் அறிதல் வேண்டும். அவ்வறிவு பெறக் கருவி வேண்டா. பக்கத்தில் அமர்ந்து கேட்கும் பொறுமை போதும். மருத்துவர் அவரவர்க்கேற்ற மருந்தைக் காண்பாராக. அது யார் கைக்கும் எட்டாமற் போகாதிருக்கக் காவல் புரிதல் நம் கடமை.